எண்பதாம் வாசல்

நீங்க கம்ப்யூட்டர் வேலையாம்மா? மடியில இருக்க பையைப் பாத்துத்தான் கேட்டேன், தப்பா நினைக்காதீங்க. ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு இதுவே போதும். கயத்தாறா? கோவில்பட்டியா? அப்போ ஒரே ஊர்தான்.

ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. சர்டிஃபிகேட்னா தெரியும்ல? பள்ளிக்கூட சர்டிஃபிகேட் இல்லம்மா, அதை நான் காலம்பூரா எழுதிக் குடுத்திருக்கேன், டீச்சரா இருந்தவ. வெப்சைட்டுக்கு வாங்குறது. எஸ்.எஸ்.எல்.னு சொல்லுதாங்களே, அது. அது இருந்தா மேல பூட்டுப் படம் வரும். இல்லாட்டி, இந்த இடம் பாதுகாப்பில்லைன்னு செவப்பா வந்து நிக்கும். ஆங், அதேதான். அந்தப் பூட்டுதான் எங்க மானத்தை வாங்கிருச்சு.

எங்க மானம்னு நான் சொல்லக் கூடாது. செஞ்சது எங்க வீட்ல அவுக. ஆனா கட்டினவ நான், வெக்கப்படுறது நானாத்தான் இருக்கு. ஊருக்குள்ள தலையைத் தூக்கி நடக்க முடியலம்மா. காய்கறி வாங்கக்கூடப் பின்தெரு வழியாத்தான் போறேன்.

அவுக பேரு ஆவுடையப்பன். டெலிபோன்ஸ்ல இன்ஜினியரா இருந்தவுக. எங்க பக்கத்துல அவுக கை படாத எக்ஸ்சேஞ்சு கிடையாது, அதை ஒரு தடவையாவது சொல்லாம அவுகளுக்குப் பொழுது போகாது. ரிட்டயர் ஆனதும் கூட்டாளிகளாச் சேந்து ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சாக. படுக்கையில கிடக்கவங்களுக்குக் காத்து மெத்தை, வீல்சேர், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் சும்மாவே குடுக்குறது, தேவை முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்கிடுறது. நல்ல காரியம்தானம்மா? நல்ல காரியந்தான். அதுல நான் குறை சொல்லவே மாட்டேன்.

பெனிட்டான்னு ஒரு பிள்ளை எங்களுக்குப் பழக்கமானது அப்படித்தான். அவ அப்பா ஜெயசீலன் சாரம் சரிஞ்சு விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாமக் கிடந்தாரு. எங்க டிரஸ்ட்ல இருந்துதான் மெத்தை போச்சு. அவர் இறந்த பிறகு, மெத்தையைக் கழுவிக் காயவச்சு, ஆட்டோவுல ஏத்திக்கிட்டு அவளே கொண்டாந்தா. கொண்டாந்தவ குடுத்துட்டுச் சும்மா போகலை. "சார், மெத்தை இருக்கா இல்லையான்னு போன் மேல போன் போட்டுக் கேக்குறது அப்போ ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. நான் ஒரு வெப்சைட் பண்ணித் தரட்டா?"ன்னா. வீட்டுல இருந்தே மெட்ராஸ் கம்பெனிக்கு வேலை பாக்குற பிள்ளை.

செஞ்சும் குடுத்தா. எங்கயோ இருக்க ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடிச்சு, அதுல பேனல்னு ஒண்ணு போட்டுக் குடுத்தா. உங்களுக்குத் தெரியாததா? வீட்டு மெயின் போர்டு மாதிரி, எதைத் திறக்க, எதை மூடன்னு எல்லாம் அதுலயே இருக்கு. வெளியாள் யாரும் வேண்டாம், நாமளே முதலாளி. அது அவுகளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சனிக்கிழமையானா பெனிட்டா வந்துருவா. எங்க சாப்பாட்டு மேசையில ரெண்டு பேரும் உக்காந்துக்கிடுவாங்க. நான் தோசை சுட்டுப் போடுவேன். ஒரு கையில தோசையைச் சுருட்டிக்கிட்டு இன்னொரு கையால தட்டிக்கிட்டே இருப்பா. "மெதுவாத் தின்னு பிள்ளை"ம்பேன். "சட்னி தீந்துரும் டீச்சர், சார் பக்கத்துல இருக்காருல்ல"ம்பா. அவுக சிரிப்பாக. அவுக சிரிச்சு நான் எத்தனை வருஷமாச்சு பாத்து.

அப்புறம் எப்படிக் கெட்டுச்சுன்னு கேளுங்க. ஒரு போட்டோவுல கெட்டுச்சு.

மெஷின் குடுக்கப்போற வீட்ல எல்லாம் அவுக போட்டோ எடுப்பாக. கட்டில்ல ஆள் கிடப்பாரு, டிரஸ்ட் கமிட்டிக்காரங்க சுத்தி நிப்பாங்க. அந்தப் படத்தை எல்லாம் வெப்சைட்ல போடணும்னாக. பெனிட்டா போட மாட்டேன்னுட்டா. "படுத்திருக்கவங்க படம் வேண்டாம் சார். அவங்க சரின்னு சொன்னாலும், மெத்தை கிடைக்கணுமேன்னுதான் சரிங்கிறாங்க"ன்னா. கமிட்டி பூரா உக்காந்திருக்கும்போது சொன்னா. அவுகளுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "உங்க அப்பாவையும்தான் போட்டோ எடுத்தோம். அப்போ நீ ஒண்ணும் சொல்லலையே"ன்னுட்டாக.

அந்த வார்த்தையை விட்டிருக்கக் கூடாதும்மா.

அவ தரையைப் பாத்துக்கிட்டே, "ஆமா சார், சொல்லலை"ன்னா. அவ்வளவுதான். அன்னைக்குச் சாயங்காலமே பாஸ்வேர்டு எல்லாத்தையும் அவுகளுக்கு அனுப்பிட்டு விலகிட்டா. நான் என்ன செஞ்சேன்னு கேக்கீங்களா? கமிட்டிக் கூட்டத்துல நான் என்னத்தப் பேச? காபி குடுத்துக்கிட்டிருந்தேன்.

அவ போனதும் அவுகளுக்குப் பயம் வந்துருச்சு. அந்தப் பிள்ளைகிட்ட இன்னொரு சாவி இருக்குமோன்னு. எல்லாத்தையும் மாத்தணும், இறுக்கிக் கட்டணும்னு ஒரே பிடிவாதம். அப்பத்தான் அவுகளுக்குக் கண்ணுல புரை எடுத்திருந்துச்சு. ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணு ஏற்கெனவே மங்கல். அதனால நான்தான் பக்கத்துல உக்காந்து ஸ்கிரீன்ல இருக்கதை வாசிச்சுச் சொல்லணும், அவுக சொல்லுறதை அமுக்கணும். பேனல்ல ஃபயர்வால்னு ஒரு பக்கம், வாசல்காவல் மாதிரி. அதுல வாசலுக்கு ஒரு நம்பர் போட்டு வரிசையா இருக்கு. எது எது திறந்திருக்குன்னு வாசிச்சுக்கிட்டே வந்தேன். எண்பதுக்கு வந்தேன். "அது பழைய வாசல். பூட்டு இல்லாத சைட்டுக்கு உள்ளது. பாதுகாப்பு இல்லாத வாசல் நமக்கு எதுக்கு? அடை"ன்னாக. அடைச்சாச்சு.

பூட்டு உள்ள சைட்டுக்கு வாசல் வேற, அதனால அப்புறமும் சைட்டு எப்பவும் போல ஓடிச்சு. அவுகளுக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே! "பாத்தியா மரகதம், கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கு அந்தப் பிள்ளை. நான் இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்?"னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாக. அவுக அடைச்சது அந்த எண்பது. அதை நீங்க மனசுல வச்சுக்கோங்க.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில எட்டயபுரத்துல இருந்து ஒருத்தர் வீட்டுக்கே வந்துட்டாரு. வேர்க்க விறுவிறுக்க நிக்காரு. அம்மாவுக்கு மெத்தை வேணுமாம். "வெப்சைட்ல கேட்டிருக்கலாமே"ன்னாக அவுக. "திறந்தா, உங்க விவரத்தை யாரோ திருடப் பாக்காங்கன்னு செவப்பா வருதுங்க. ஏதோ மோசடின்னு பயந்து மூடிட்டோம். அம்மாவை வெறும் கட்டில்லயே போட்டிருந்தோம். இப்போ முதுகெல்லாம் புண்ணாயிட்டு"ன்னு சொல்லுதாரு.

அவருக்கு மெத்தையைக் குடுத்து அனுப்பிட்டு நாங்க பேனலைத் திறந்தோம். சர்டிஃபிகேட்டுக்குக் கெடு முடிஞ்சுபோச்சு. அது தன்னால புதுசாகிக்கிட்டே இருக்கும்னு பெனிட்டா சொல்லியிருந்தா, ஆனா ஆகலை. அதைப் புதுசாக்குற பட்டனை அமுக்கச் சொன்னாக அவுக. அமுக்கினேன். சுத்திச் சுத்தி நின்னுட்டு, முடியலைன்னு வந்துச்சு. அதுக்குக் கீழ பொடி எழுத்துல என்னமோ வரி வரியா இருந்துச்சு. வாசிக்க ஆரம்பிச்சேன். "போதும் போதும், மறுபடி அமுக்கு"ன்னாக. மறுபடி அமுக்கினேன். மறுபடி. மெயில் விலாசத்தை மாத்திட்டு ஒருக்கா. பழையதை அழிச்சிட்டு ஒருக்கா. கம்ப்யூட்டரையே அணைச்சுப் போட்டு ஒருக்கா. கடைசியில, ரொம்பத் தடவை கேட்டுட்டீங்க, அப்புறம் வாங்கன்னு வந்துருச்சு. எக்ஸ்சேஞ்சை எல்லாம் ஆட்டி வச்ச மனுஷன், ஒரு மெஷின் வெளிய போன்னு சொன்னதும் அப்படியே உக்காந்துட்டாக. பாக்கவே பாவமா இருந்துச்சு.

பாவமா இருந்துச்சுன்னுதான் நான் ஒண்ணும் சொல்லலை.

அந்தச் சமயத்துலதான் கோமதிநாயகம் அண்ணாச்சி வாட்ஸ்அப் குரூப்ல கேட்டாரு. டிரஸ்ட்ல பொருளாளர் அவரு. "சைட்டு ஏன் வேலை செய்யலை? அந்தப் பொண்ணு ஏதும் செஞ்சிட்டுப் போயிருக்குமோ?"ன்னு. இவுக "இருக்கலாம்"னு போட்டாக. மறுநாள் யாரோ அதையே கேட்டதுக்கு, "வேற யாரு?"ன்னு போட்டாக. அதுக்கு மறுநாள் போனை வாய்க்கிட்ட வச்சுப் பேசியே அனுப்பிட்டாக. "உள்ள இருந்து போனவங்க ஒரு பூட்டு வச்சிட்டுப் போயிருக்காங்க. நோயாளிகளோட விவரமெல்லாம் திருட்டுப் போற நிலைமை"ன்னு. அந்தச் செவப்புப் பக்கத்துல இருந்த வார்த்தையை அப்படியே எடுத்து அந்தப் பிள்ளை தலையில வச்சுட்டாக. நான் அடுப்பாங்கரையில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். குரல் அவ்வளவு தெளிவா இருந்துச்சு.

அது குரூப்போட நிக்குமா? பெனிட்டா அம்மா செல்வராணி எனக்குப் போன் போட்டாங்க. "டீச்சர், சர்ச்சுல வச்சு என்கிட்டயே கேக்காங்க, உம்மக நோயாளிங்க விவரத்தைத் திருடிட்டாளாமேன்னு. எம்பிள்ளை செய்வாளா டீச்சர்? நீங்க சொல்லுங்க. உங்க மேசையில சாப்பிட்ட பிள்ளை"ன்னு அழுதாங்க.

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் தெரியாதுங்க"ன்னேன்.

அப்புறம் அவங்க சொன்னாங்க, "எண்பது திறந்திருக்கான்னு மட்டும் சாரைப் பாக்கச் சொல்லணுமாம். பெனிட்டா சொன்னா சார் கேக்க மாட்டாராம். நீங்க சொல்லுங்க டீச்சர்"னு.

சொல்லத்தான் போனேன். அவுக சாப்பிட்டுக்கிட்டிருந்தாக. சாப்பிடும்போது அந்தப் பிள்ளை பேரை எடுத்தா தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிருவாக. சரி, அப்புறம் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் மறந்துட்டேன். மறந்துட்டேன்னா, ஞாபகம் இருந்துச்சு, சொல்றதுக்கு நேரம் அமையலை. வீட்டு வேலை உங்களுக்குத் தெரியாததா?

ரெண்டு கண்ணும் ஆபரேஷன் முடிஞ்சு புதுக் கண்ணாடி வந்துச்சு அவுகளுக்கு. போட்டதும் முதல் வேலையாப் போய்ப் பேனல் முன்னால உக்காந்தாக. பட்டனை அவுகளே அமுக்கினாக. முடியலைன்னு வந்துச்சு. கீழ இருக்க பொடி எழுத்தை அவுகளே வாசிச்சாக. நான் முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தேன்.

"மரகதம், இங்க வா"ன்னாக. போனேன். அந்த வரியில விரலை வச்சுக் காட்டுனாக. சர்டிஃபிகேட் குடுக்கிறவன் நம்ம வாசல் வரைக்கும் வந்து பாத்தானாம், யாரும் திறக்கலையாம், ஃபயர்வால் அடைச்சிருக்கும்போல, பாருங்கன்னு போட்டிருக்கு. அவன் சைட்டு நம்முடையதுதானான்னு சரிபாக்க வர்ற வாசலே அந்த எண்பதுதானாம். பாதுகாப்புக்குன்னு நாம அதை அடைச்சதால பாதுகாப்புச் சீட்டு வராமப் போயிருக்கு.

"இதை நீ வாசிக்கலையா அன்னைக்கு?"ன்னாக.

"நீங்கதான போதும்னீங்க"ன்னேன்.

அவுக ஃபயர்வால் பக்கத்துக்குப் போய் எண்பதைத் திறந்தாக. பட்டனை அமுக்கினாக. சுத்திச்சு, வந்துருச்சு. அவ்வளவுதாம்மா. ஒரு காபி ஆறுற நேரம்கூட ஆகலை. இதுக்குத்தான் ஒரு பிள்ளையைத் திருடின்னோம். திருடின்னாக.

இனிமேச் சொல்லப்போறதுதான் எனக்கு வெக்கம். சரியாயிருச்சுன்னு குரூப்ல போட்டாக. "பிரமாதம் சார்", "அனுபவம் பேசுது"ன்னு ஒவ்வொருத்தரா வந்தாங்க. கோமதிநாயகம் அண்ணாச்சி, "அந்தப் பொண்ணு வச்ச பூட்டை உடைச்சிட்டீங்க"ன்னு போட்டாரு. இப்பவாவது இல்லைன்னு சொல்லுவாகன்னு பாத்தேன். கையெடுத்துக் கும்பிடுற பொம்மை இருக்குல்ல, அதைப் போட்டுட்டுப் போனைக் கவுத்தி வச்சிட்டாக. அன்னைக்கு ரெண்டு பேரும் கீரையைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிட்டோம்.

அவுக கேக்க மாட்டாக. நாமளாவது போய் மன்னிப்புக் கேட்டுட்டு வருவோம்னுதான் இன்னைக்குப் பாளையங்கோட்டைக்குக் கிளம்பி வந்தேன். பெனிட்டாவும் அவ அம்மாவும் இப்போ அங்கதான் இருக்காங்க. வேலைக்கு வசதின்னு மாறிட்டதாச் சொல்லுதாங்க. வீட்டுல இருந்து பாக்குற வேலைக்கு என்ன வசதி வேணும்? எனக்குப் புரியாமலா இருக்கு.

செல்வராணி உள்ள வாங்கன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. டீ போட்டுக் கொண்டாந்து வச்சாங்க. பெனிட்டா ஏதோ மீட்டிங்ல பேசி முடிச்சிட்டு வந்து எதிர்ல உக்காந்தா. மெலிஞ்சிருக்கா. நான் வழியெல்லாம் யோசிச்சு வச்சிருந்ததைச் சொன்னேன். "அவுக செஞ்சது பெரிய தப்பு பிள்ளை. எண்பதை அடைச்சுப்போட்டு உன்னைச் சொல்லிட்டாக. அவுகளுக்காக நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்"னேன். சொல்லும்போதே எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அவ என்னையே பாத்தா. "எண்பதை அடைச்சது யாரு டீச்சர்?"ன்னா.

"அவுகதான்"னேன்.

"சாருக்கு அப்போ கண்ணுல கட்டு இருந்துச்சே?"ன்னா. "ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கிக் குடுத்ததே நான்தான டீச்சர்."

கோவமாக் கேக்கலம்மா. சும்மாத்தான் கேட்டா. நான் டீயை எடுத்துக் குடிச்சேன். சுட்டுச்சு. சுட்டாலும் குடிச்சேன்.

செல்வராணி கதவுப்பக்கம் நின்னுக்கிட்டிருந்தாங்க. "அன்னைக்கு நான் சொன்னதைச் சார்கிட்டச் சொன்னீங்களா?"ன்னாங்க. அவங்க குரல்லயும் கோவம் இல்லை. தெரிஞ்சதையே கேக்குறவங்க மாதிரி இருந்துச்சு.

நான் பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். பெனிட்டா தெருமுனை வரைக்கும் கூட வந்தா. பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு காட்டுனா. கிளம்பும்போது, "டீச்சர், அந்தக் குரூப்ல நீங்களும் இருக்கீங்கல்ல?"ன்னா. இருக்கேன்னேன். "ம்"னுட்டுத் திரும்பிப் போயிட்டா.

இருக்கேன். ஆரம்பிச்ச நாள்ல இருந்தே அந்தக் குரூப்ல இருக்கேன். காலையில பூப்படம் அனுப்புவேன், யாருக்காவது பேத்தி பிறந்தா வாழ்த்துச் சொல்லுவேன். அவுக பேசி அனுப்பினது, அண்ணாச்சி போட்டது, கும்பிடுற பொம்மை, எல்லாம் என் போன்லயும்தான் வந்துச்சு. நான்தான் எல்லாத்தையும் வாசிச்சேன். பொடி எழுத்தை மட்டும்தான் வாசிக்கலை.

அவுக போதும்னாக, நெசந்தான். ஆனா அவுக போதும்னா நான் நிறுத்துற ஆளாம்மா? கரண்டு பில்லுல இருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் முழுசா வாசிக்காமக் கீழ வைக்க மாட்டேன். அன்னைக்கு ஃபயர்வால்ங்கிற வார்த்தை என் கண்ணுல பட்டுச்சு. பட்டதும் எனக்கு மவுஸ் பிடிச்ச கைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அடைன்னு சொன்னது அவுக. அமுக்குன கை என் கை. கேட்டா என்னைக் கத்துவாகன்னு விட்டேன். கத்துனா என்ன, கத்திட்டுப் போறாக. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்ககிட்டக்கூடச் சொல்லணும்னு நினைச்சு ஆரம்பிக்கலை.

நாலாட்டின்புத்தூர் தாண்டியாச்சா? அப்போ அடுத்தது நம்ம ஊர்தான்.

எம்மா, ஒரு உதவி செய்வீங்களா? எனக்குப் போன்ல தமிழ் தட்ட வரலை. இந்தாங்க போன். அந்தக் குரூப்தான், மேலயே இருக்கு பாருங்க. நான் சொல்லச் சொல்லத் தட்டுங்க. 'பெனிட்டா எந்தத் தப்பும் செய்யலை. சைட்டு நின்னது எங்களால.'

எங்களாலன்னு போட்டுட்டீங்களா? அதை அழிச்சிருங்க.

'எண்பதாம் நம்பரை அடைச்சது நான். அடைக்கச் சொன்னது சார். பெனிட்டா என்ன காரணம்னு முன்னாலயே சொல்லி அனுப்பினா. அதைச் சொல்லாம மறைச்சதும் நான். தப்புன்னு தெரிஞ்ச பிறகும் நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை.' அப்படியே போடுங்க. கீழ மரகதம் டீச்சர்னு பேரையும் போட்டுருங்க. கும்பிடுற பொம்மை வேண்டாம்.

வாசிச்சுக் காட்டுங்க ஒருக்கா. முழுசா.

ம். அனுப்பிருங்க.

போயிருச்சா? எல்லாருக்குமா?

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சே. அந்தா, வண்டி பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்டு நிக்காகளே, அவுகதான். கூட்டிட்டுப் போக வந்திருக்காக. திருநெல்வேலிக்குச் சேலை எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

சட்டைப் பையில இருந்து போனை எடுக்காக. புதுக் கண்ணாடியை நல்லா ஏத்தி விடுதாக. வாசிக்காக போல. உதடு அசையுது பாருங்க, அவுகளுக்கு எதையும் மெல்லச் சொல்லிச் சொல்லித்தான் வாசிக்க வரும்.

தலையைத் தூக்குறதுக்கு முன்னால நான் இறங்கி முன்னால போய் நின்னுருதேன். வாரேம்மா.